ஒரு கிணறு, மூன்று ஆய்வுகள்: வன்னியில் முதல் ஆய்வுக்கு இறங்குபவர்களுக்கு

செட்டிகுளத்திலோ நெடுங்கேணியிலோ ஒரு வீட்டுக் குசினியில் கேத்தலின் மூடியைத் திறந்து பாருங்கள். அடியில் வெள்ளையாக ஒரு படிவு ஒட்டியிருக்கும். கரண்டிக் காம்பால் சுரண்டினால் செதில் செதிலாக உரியும். "எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்பு பிடிக்கும்" என்பார்கள் வீட்டார். இந்தக் கேத்தலை வைத்து மூன்று பேர் மூன்று வெவ்வேறு ஆய்வு செய்யலாம். தண்ணீரில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் அது விஞ்ஞானம். அந்த வீட்டார் நல்ல தண்ணீர் குடிக்க எதைக் கட்டலாம், எவ்வளவு செலவாகும், எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டால் அது பொறியியல். கொதிக்க வைத்தால் தண்ணீரில் எது போகும், எது போகாது என்பது அந்த வீட்டுப் பிள்ளைக்கு விளங்கியிருக்கிறதா, எப்படிப் படிப்பித்தால் விளங்கும் என்று கேட்டால் அது கல்வியியல்.

மூன்றுக்கும் பொதுவாக "ஆய்வு" என்று ஒரே சொல் இருப்பதால், முறையும் ஒன்றுதான் என்று எண்ணிப் பலர் இறங்கிவிடுகிறார்கள். நீர் ஆய்வுக்கு வினாக்கொத்து தயாரிப்பவர்களும், பாடசாலை ஆய்வுக்கு ஆய்வுகூடப் பரிசோதனையின் வடிவத்தை அப்படியே போடுபவர்களும் உண்டு. கேள்விதான் முறையைத் தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானம் எப்படி அமையும் என்பதை இந்த ஒரே கிணற்றை வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம்.

வன்னிக்குள் இந்த மூன்று துறைக்கும் இடம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாக இருந்தது 2021 இல் வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தனித்து நின்றது, பம்பைமடுவில் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழினுட்ப பீடங்கள் இயங்குகின்றன. ஆசிரிய மாணவர்களுக்கு வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. உங்கள் பீடத்தில் இல்லாத கருவி முப்பது, அறுபது கிலோமீற்றர் தள்ளி இன்னொரு பீடத்தில் இருக்கலாம். மேற்பார்வையாளர் ஊடாக ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். கேட்காமல் தலைப்பை மாற்றிவிடாதீர்கள்.

முதலில்: "ஒன்று" என்று எதை எண்ணுகிறீர்கள்?

தலைப்பு எடுப்பதற்கு முன் தீர்க்க வேண்டியது இது. இதில் சறுக்கினால் பின்னால் எந்தப் புள்ளிவிபர மென்பொருளாலும் காப்பாற்ற முடியாது.

30 கிணற்றில் நீர் எடுத்து, ஒவ்வொன்றையும் மூன்று தடவை நியமிப்பு (நிறம் மாறும்வரை கரைசலைத் துளித்துளியாக விட்டு அளப்பது) செய்தால் உங்களிடம் 90 வாசிப்புகள் இருக்கும். ஆனால் மாதிரியின் அளவு 30தான். மூன்று தடவை செய்தது உங்கள் கை எவ்வளவு உறுதி என்று காட்டும். கிணறுகளைப் பற்றிப் புதிதாக எதுவும் சொல்லாது. ஒரே சூளைச் செங்கல்லை உடைத்து நிரப்பி, நீரை வடிக்கும் குழாய் மூன்று செய்தாலும் அப்படித்தான்: நீங்கள் சோதித்தது ஒரு சூளை. ஒரு வகுப்பில் 30 பிள்ளைகள், மற்ற வகுப்பில் 30 பிள்ளைகள் என்று எடுத்துப் புதிய கற்பித்தல் முறையைச் சோதித்தால், அந்த முறை போய்ச் சேர்ந்தது ஒரு வகுப்புக்கு. "60 மாணவர்கள்" என்று எழுதலாம், ஆனால் ஒப்பீடு இரண்டு வகுப்புகளுக்கு இடையில்தான் என்பதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும்.

கிணறு, சூளை, வகுப்பு. உங்கள் "ஒன்று" எதுவென்று முன்மொழிவின் முதற்பக்கத்தில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

அடுத்தது கேள்வி. "வன்னியின் நீர்த்தரம் பற்றிய ஓர் ஆய்வு" என்பது தலைப்பு மட்டுமே. அதில் கேள்வி இல்லை. "இந்தக் கிராம சேவகர் பிரிவில், கோடை முடிவில், கட்டுக் கிணறுகளுக்கும் குழாய்க் கிணறுகளுக்கும் இடையே புளோரைட்டுச் செறிவில் வேறுபாடு உண்டா?" என்பது கேள்வி. எங்கே, எப்போது, எதை, எதனோடு ஒப்பிட்டு என்ற நான்கும் அதில் இருக்கின்றன. நான்கில் ஒன்று குறைந்தாலும் மேற்பார்வையாளரிடம் கொண்டுபோகாமல் இன்னும் இரண்டு நாள் இருந்து யோசியுங்கள்.

நாட்காட்டியை மழையைப் பார்த்துப் போடுங்கள்

பல்கலைக்கழகத் தவணை ஒரு பக்கம் போகும், வானம் இன்னொரு பக்கம் போகும். வன்னியில் பெருமழை ஒக்ரோபரில் தொடங்கி டிசம்பர், சனவரி வரை பெய்யும். மே முதல் செப்டெம்பர் வரை வறட்சி. கிணற்று நீரின் செறிவு இந்த இரண்டுக்கும் ஏற்ப மாறும். ஆகவே ஒரு தடவை மாத்திரம் எடுக்க முடியுமானால் கோடையின் முடிவில், செப்டெம்பரில் எடுங்கள். இரண்டு தடவை முடியுமானால் செப்டெம்பரிலும் பெப்ரவரியிலும் எடுங்கள். பாதிக் கிணறுகளைச் செப்டெம்பரிலும் மீதியை நவம்பரிலும் எடுத்து ஒரே அட்டவணையில் போடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அந்த அட்டவணையில் தெரிவது கிணற்றின் வேறுபாடா, மழையின் வேறுபாடா என்று யாராலும் பிரிக்க முடியாது. நவம்பரில் குளங்கள் வான்பாயும், உள்வீதிகள் வெள்ளத்தில் அறுபடும், நினைத்த கிராமத்துக்குப் போகவே முடியாமற் போகும்.

செங்கல் வேலையும் மழைக்குள் நடக்காது. பாடசாலை ஆய்வுக்கு மூன்றாம் தவணைப் பரீட்சைக் காலத்தை விலக்கிக்கொள்ளுங்கள். அனுமதிக்கு மட்டும் ஆறு வாரம் ஒதுக்குங்கள்.

விஞ்ஞானம்: கிணற்றடியில் தொடங்குகிறது

வவுனியாப் பக்கம் நிலத்துக்கடியில் இருப்பது வன்பாறை. இலங்கைப் புவிச்சரிதவியலில் "வன்னித் தொகுதி" என்றே ஒரு பாறைப் பிரிவுக்குப் பெயர். அது வன்னியோடு நிற்காமல் தெற்கே குருநாகல் வரை போகிறது. இந்தப் பாறைகளில் உள்ள அபற்றைற்று, பயோற்றைற்று, ஹோண்பிளென்ட் போன்ற கனியங்களில் புளோரைட்டு உண்டு. நீர் பாறை வெடிப்புகளுக்குள் நெடுநாள் தங்கும்போது அது கரைந்து வருகிறது. மன்னாரிலிருந்து பூநகரிப் பக்கமாக யாழ்ப்பாணம் வரை இருப்பது மயோசீன் சுண்ணக்கல், அங்கே கதை வேறு. உங்கள் கிணறுகள் எந்தப் பாறையின் மேல் நிற்கின்றன என்று புவிச்சரிதவியல் வரைபடத்தில் பார்த்த பிறகே கிணறுகளைத் தெரிவு செய்யுங்கள்.

கேத்தலில் படிவு கூட இருந்தால் புளோரைட்டும் கூடத்தான் இருக்கும் என்று பலர் எடுகோள் கொள்கிறார்கள். கல்சியம் மிகுந்த நீரில் புளோரைட்டு, கல்சியம் புளோரைட்டாகப் படிய முனைவதால் சில இடங்களில் நிலைமை நேர்மாறாகவும் இருக்கும். படிவு கண்ணுக்குத் தெரியும், புளோரைட்டு தெரியாது. இரண்டையும் தனித்தனியே அளக்கத்தான் வேண்டும்.

நீர் எடுக்கும் ஒழுங்கு:

1. 500 மில்லிலீற்றர் பொலித்தீன் போத்தல் கொண்டுபோங்கள். புளோரைட்டுக்குக் கண்ணாடிப் போத்தல் கூடாது.
2. பெயரைப் போத்தலின் உடம்பில் எழுதுங்கள், மூடியில் எழுதாதீர்கள். மூடிகள் மாறிவிடும். ஐஸ் பெட்டிக்குள் ஈரம் பட்டு மை அழியும், ஆகவே எழுத்தின் மேல் தெளிவான ரேப் ஒன்று ஒட்டுங்கள்.
3. கட்டுக் கிணறு என்றால் வாளியை நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு முழம் இறக்கி அள்ளுங்கள். மேலே மிதக்கும் தூசும் பாசியும் வேண்டாம். குழாய்க் கிணறு என்றால் குறைந்தது ஐந்து நிமிடம் அடித்து, மின்கடத்துதிறன் வாசிப்பு அடுத்தடுத்து மூன்று தடவை ஒரேயளவாக நின்ற பிறகு பிடியுங்கள். மேல்தாங்கியில் இருந்து வரும் பைப் நீர் கிணற்று நீருக்கு ஈடல்ல.
4. அதே நீரால் போத்தலை மூன்று தடவை அலசி ஊற்றிவிட்டு நிரப்புங்கள்.
5. பிஎச் அளவைக் கிணற்றடியிலேயே எடுங்கள். நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டு வெளியேற வெளியேற பிஎச் ஏறும். ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய் அளந்தால் வருவது வேறொரு நீரின் பிஎச்.
6. பத்துக் கிணற்றுக்கு ஒன்றில் இரட்டை மாதிரி (ஒரே நீரில் இரண்டு போத்தல்) எடுங்கள். காய்ச்சி வடித்த நீர் நிரப்பிய ஒரு போத்தலையும் அன்று முழுக்கக் கூடவே கொண்டு திரிந்து, மற்றவற்றோடு சேர்த்துச் சோதியுங்கள். அதில் ஏதாவது தென்பட்டால் அழுக்கு உங்கள் போத்தலில் அல்லது கையில் இருக்கிறது.
7. ஆழம், கட்டிய ஆண்டு, கடைசியாக இறைத்த நாள், குளோரின் போட்டதா, மலசலகூடம் எத்தனை அடி தூரம், ஜிபிஎஸ் புள்ளி. இவ்வளவையும் வீட்டாரோடு கதைத்தபடியே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வந்து கேட்கலாம் என்று விட்டால் இன்னொரு முழு நாள் செலவாகும்.

ஆய்வுகூடத்தில் வன்மை, அதாவது நீரில் கரைந்துள்ள கல்சியம், மக்னீசியத்தின் அளவு, அளப்பது ஈடிடிஏ என்ற கரைசலால் செய்யும் நியமிப்பு. 25 மில்லிலீற்றர் மாதிரியை 50 ஆக ஐதாக்கி, பிஎச்சை 10 இல் நிறுத்தும் தாங்கற்கரைசல் சேர்த்து, எரியோகுரோம் பிளாக் ரி காட்டி ஒரு சிட்டிகை போட்டால் வைன் சிவப்பு வரும். 0.01 மோலர் ஈடிடிஏயை அளவியிலிருந்து விடுங்கள். சிவப்பு, ஊதா கலந்து, கடைசியில் தெளிந்த நீலமாகும். ஊதாவில் நிறுத்துவதுதான் புதியவரின் பிழை. சிவப்புச் சாயல் துளியும் இல்லாத நீலம் வரவேண்டும். குடுவைக்குக் கீழே வெள்ளைத் தாள் வையுங்கள். தாங்கற்கரைசல் சேர்த்து ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். தாமதித்தால் கல்சியம் காபனேற்று வீழ்படிவாகிப் பெறுமானம் குறையும். ஒரு மில்லிலீற்றர் 0.01 மோலர் ஈடிடிஏ ஒரு மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமன். ஆகவே 25 மில்லிலீற்றர் மாதிரிக்கு 9.2 மில்லிலீற்றர் போனால் வன்மை லீற்றருக்கு 368 மில்லிகிராம். இலங்கை நியமம் 614 (2013) குடிநீருக்கு வைத்திருக்கும் எல்லை 250.

புளோரைட்டுக்கு அயன் தேர்வு மின்வாய் (அந்த அயனை மட்டும் உணர்ந்து மில்லிவோற்றில் காட்டும் கருவி) இருந்தால் நல்லது. மாதிரியும் டிசாப் (TISAB) என்ற தாங்கற்கரைசலும் சம அளவு எடுங்கள். இந்தக் கரைசல் பிஎச்சை 5 இற்கும் 5.5 இற்கும் இடையில் நிறுத்தி, அலுமினியமும் இரும்பும் பிடித்து வைத்திருக்கும் புளோரைட்டை விடுவிக்கும். லீற்றருக்கு 0.5, 1, 2, 5 மில்லிகிராம் உள்ள நியமக் கரைசல்களால் அளவீடு செய்யுங்கள்; 0.5 இற்கும் 5 இற்கும் இடையே ஏறக்குறைய 54 முதல் 60 மில்லிவோற்று வித்தியாசம் வரவேண்டும். வராவிட்டால் மின்வாய் பழுது, அல்லது நியமக் கரைசல் பிழை. அன்றைக்கு மாதிரியைத் தொடவே வேண்டாம். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரியை அப்படியே வைத்து அளப்பது இன்னொரு பொறி. நியமக் கரைசலும் மாதிரியும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும், காலையில் எடுத்து மேசையில் வைத்துவிடுங்கள். காந்தக் கலக்கி சூடாகும், முகவைக்குக் கீழே ஒரு மட்டைத் துண்டு வையுங்கள். முகவை பிளாஸ்ரிக்காக இருக்கட்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், இலங்கை நியமம் 1.0. எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்று ஒவ்வொரு அட்டவணையின் கீழும் எழுதுங்கள். பெறுமானங்களில் இரண்டு மூன்று கிணறு மட்டும் மிக உயர்ந்து நின்றால் இடை (சராசரி) அந்தப் பக்கம் இழுபடும். இடையத்தையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் பெறுமானம்) சேர்த்துக் கொடுங்கள்.

இன்னுமொன்று. வவுனியா மாவட்டத்திலும் காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் உண்டு. அதன் காரணம் இன்னமும் உறுதியாக நிறுவப்படவில்லை. 30 கிணற்றை ஒரு பருவத்தில் அளந்துவிட்டு முடிவுரையில் "இதுவே சிறுநீரக நோய்க்குக் காரணம்" என்று எழுதாதீர்கள். நீங்கள் அளந்தது நீரை மட்டும். நோயாளர் ஒருவரையும் நீங்கள் பார்க்கவில்லை. அந்த ஒரு வசனம் ஊருக்குள் போனால் மனிதர் நித்திரை இல்லாமல் தவிப்பார்கள்.

பொறியியல்: தோல்வி எது என்பதை முன்கூட்டியே எழுதுங்கள்

விஞ்ஞான ஆய்வில் "வேறுபாடு இல்லை" என்பதும் நல்ல முடிவு. பொறியியலில் ஒரு பொருளைக் கட்டுகிறீர்கள். அது எந்த இடத்தில் தோற்றது என்று கணக்கிடப்படும் என்பதைக் கட்டுவதற்கு முன்பே எழுத வேண்டும். பிறகு எழுதினால் எல்லாமே வெற்றியாகத்தான் தெரியும்.

ஐந்து பேர் உள்ள குடும்பம், குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 30 லீற்றர் என்று வைப்போம். நிபந்தனை: வெளிவரும் நீரில் புளோரைட்டு 1.0 ஐத் தாண்டக்கூடாது. மின்சாரம் இல்லாமல் இயங்க வேண்டும். பொருட்கள் ஊருக்குள் கிடைக்க வேண்டும்.

செங்கல் துண்டு வடி இலங்கையில் முன்பே பயன்பட்ட முறை. உள்விட்டம் 100 மில்லிமீற்றர் உள்ள பிவிசி குழாயில், மட்டான சூட்டில் வெந்த செங்கல்லை 8 முதல் 16 மில்லிமீற்றர் துண்டுகளாக உடைத்து, சலித்து, தூள் போகும்வரை கழுவி, ஒரு மீற்றர் உயரத்துக்கு நிரப்புங்கள். படுக்கையின் கனவளவு 7.85 லீற்றர். நீர் கீழிருந்து மேலே ஏறட்டும். மேலிருந்து விட்டால் காற்று அடைபட்டு, நீர் ஒரு பக்கமாக வழி பிடித்து ஓடும். நிமிடத்துக்கு 100 மில்லிலீற்றர் விட்டால் வெற்றுப் படுக்கைத் தொடுகை நேரம் (படுக்கையின் கனவளவை ஓட்டத்தால் வகுத்தது) 78 நிமிடம், 30 லீற்றர் கிடைக்க ஐந்து மணித்தியாலம். மேலே வைத்த வாளியில் நீர் குறையக் குறைய ஓட்டமும் குறையும். அதனால் வாளிக்குத் தொடர்ந்து நீர் விட்டு, ஒரு வழிந்தோடியும் வைத்து மட்டத்தை நிலையாக வையுங்கள். ஒவ்வொரு 10 லீற்றருக்கும் ஒரு மாதிரி எடுத்து, வெளியேறும் செறிவை லீற்றர் கணக்குக்கு எதிராக வரையுங்கள். வரைபு 1.0 ஐத் தொடும் இடம்தான் வடியின் ஆயுள்.

இங்கே பலர் விழுவது ஒரே குழியில்: காய்ச்சி வடித்த நீரில் சோடியம் புளோரைட்டைக் கரைத்துச் சோதித்துவிட்டு "90 வீதம் நீக்கியது" என்று எழுதுவார்கள். கிணற்று நீரில் இருகாபனேற்றும் உண்டு. அது செங்கல்லின் மேற்பரப்பில் அதே இடத்துக்குப் போட்டி போடும். ஆய்வுகூடத்தில் கிடைத்தது கிணற்றடியில் கிடைக்காது. உண்மைக் கிணற்று நீரைக் கான்களில் கொண்டுவந்து ஓட்டுங்கள்.

பிறகு கணக்கை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். எடுத்துக்காட்டாக, உங்கள் குழாய் 180 லீற்றரில் எல்லையைத் தொட்டது என்று வைப்போம். நாளுக்கு 30 என்றால் ஆறு நாள். ஆறு நாளுக்கு ஒருக்கால் ஒரு தாய் செங்கல் உடைத்துக் கழுவி நிரப்ப வேண்டுமா? அப்படியானால் வடி வேலை செய்கிறது, திட்டம் வேலை செய்யவில்லை. இந்த வரியை எழுதத் தயங்காதீர்கள். பொறியியல் ஆய்வின் உயிர் அதில்தான் இருக்கிறது. பாவித்த செங்கல்லை எங்கே கொட்டுவது என்பதும் வடிவமைப்பில் சேர்த்தி. கிணற்றடியில் கொட்டக்கூடாது.

ஒப்பீட்டுக்கு மழைநீர்த் தாங்கியை எடுங்கள். 60 சதுர மீற்றர் தகரக் கூரை, ஆண்டு மழை 1200 மில்லிமீற்றர், ஓட்டக் குணகம் (விழும் மழையில் தாங்கிக்கு வந்து சேரும் பங்கு) 0.8 என்றால் ஆண்டுக்கு 57,600 லீற்றர் சேரும். தேவை ஏறத்தாழ 11,000. நீருக்குக் குறைவில்லை, வறட்சியைத் தாண்டுவதுதான் பிரச்சினை. மழையில்லாத 150 நாள், நாளுக்கு 30 என்றால் 4500 லீற்றர், ஆகவே 5000 லீற்றர் தாங்கி. முதல் ஒரு மில்லிமீற்றர் மழையில் கூரைத் தூசும் பறவை எச்சமும் வரும். இந்தக் கூரைக்கு அது 60 லீற்றர், அதை வெளியே விட ஒரு குழாய் வையுங்கள். வடியையும் தாங்கியையும் பத்து ஆண்டுச் செலவில், ஒரு லீற்றருக்கு எவ்வளவு ரூபா என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டால் உங்கள் ஆய்வு படிப்பவருக்குப் பயன்படும்.

எலும்புக் கரி புளோரைட்டை நன்றாகப் பிடிக்கும். ஆனால் மாட்டெலும்பு என்று தெரிந்தால் சைவக் குடும்பங்கள் அந்த நீரைத் தொடமாட்டார்கள். கட்டுவதற்கு முன் பத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

கல்வியியல்: பிள்ளை சொல்லும் காரணத்தைக் கேளுங்கள்

"தண்ணியைக் கொதிக்க வைத்தால் எல்லாம் போயிடும்." இந்த நம்பிக்கை வீட்டிலும் உண்டு, வகுப்பிலும் உண்டு. கிருமி சாகும், தற்காலிக வன்மை கேத்தலில் படியும், புளோரைட்டு போகாது. லீற்றருக்கு 1.2 மில்லிகிராம் உள்ள 2 லீற்றர் நீரைக் கொதிக்க விட்டு 1.6 லீற்றராக வற்றினால் செறிவு 1.5 ஆக ஏறும். இதைப் பிள்ளைகள் எப்படி விளங்கிக்கொள்கிறார்கள் என்பதே ஒரு முழு ஆய்வு.

சரி, பிழை என்ற விடை மட்டும் போதாது. ஈரடுக்குக் கேள்வி செய்யுங்கள்: முதலில் விடை, பிறகு "ஏன்?" என்று நான்கு காரணம். அந்த நான்கையும் நீங்களே கற்பனை செய்யாதீர்கள். முதலில் பத்துப் பிள்ளைகளிடம் வாயால் கேட்டு, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். "உப்பு ஆவியோட போயிடும்" என்று பிள்ளை சொன்னால் அப்படியே போடுங்கள். "கரையம் ஆவியாகிறது" என்று திருத்தினால் அது பிள்ளையின் எண்ணம் அல்ல, பாடநூலின் வசனம்.

15 கேள்வி தயாரானதும், ஆய்வில் சேராத வேறொரு பாடசாலையில் 30 பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பாருங்கள். ஒரு கேள்விக்கு 30 இல் 27 பேர் சரியாக எழுதினால் அது எதையும் பிரித்துக் காட்டாது. 0.3 முதல் 0.7 வரையான இலகுத்தன்மை (சரியாக எழுதியவர்களின் பங்கு) வேண்டும். பிறகு மொத்தப் புள்ளியில் மேலுள்ள 8 பேரையும் கீழுள்ள 8 பேரையும் எடுங்கள். மேலே 7 பேர் சரி, கீழே 3 பேர் சரி என்றால் பாகுபடுத்தும் சுட்டி நான்கை எட்டால் வகுக்க 0.5, நல்ல கேள்வி. கீழுள்ளவர்கள் கூடுதலாகச் சரியாக எழுதிய கேள்வி இருந்தால் வசனத்தில் ஏதோ குழப்பம் இருக்கிறது, தூக்கிவிடுங்கள்.

முற்சோதனை, பாடம், பிற்சோதனை, ஆறு வாரம் கழித்து இன்னொரு சோதனை. கடைசிச் சோதனையை நேரமில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பாடம் முடிந்த மறுநாள் யாருக்குத்தான் ஞாபகம் இருக்காது? ஆறு வாரத்துக்குப் பிறகு எஞ்சுவதுதான் படிப்பு. இரு வகுப்புக்கும் ஒரே ஆசிரியர் படிப்பிக்கட்டும். இல்லாவிட்டால் நீங்கள் ஒப்பிடுவது முறையையா, ஆசிரியரையா என்று தெரியாது. புதிய முறை கிடைக்காத வகுப்புக்கு ஆய்வு முடிந்ததும் அதே பாடத்தைச் செய்து கொடுங்கள். அவர்களும் பிள்ளைகள்தானே.

செவ்வி எடுத்தால் ஆறு பிள்ளை போதும், ஆனால் ஒலிப்பதிவை முழுதாக எழுத்தாக்குங்கள். ஒரு மணித்தியாலப் பதிவை எழுத நாலைந்து மணித்தியாலம் போகும். அதை நாட்காட்டியில் போடாதவர்களே கடைசி வாரத்தில் தடுமாறுகிறார்கள்.

அனுமதி வரிசை: பல்கலைக்கழக நெறிமுறைக் குழு, வலயக் கல்விப் பணிப்பாளர், அதிபர், வகுப்பாசிரியர், பெற்றோர், கடைசியாகப் பிள்ளை. பிள்ளை "வேண்டாம்" என்றால் மேலே உள்ள ஐந்து கையொப்பத்துக்கும் பெறுமதி இல்லை.

வினாக்கொத்தின் முதற்பக்கத்தை வன்னியில் மிகக் கவனமாக எழுதுங்கள். "தந்தையின் பெயர், தந்தையின் தொழில்" என்ற வழக்கமான இரண்டு வரி, 2009 இற்குப் பிறகும் பல வீடுகளில் விடை சொல்ல முடியாத கேள்வி. ஒரு பிள்ளை அந்தக் கோட்டின் மேல் பேனையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிடும். அந்தத் தரவு உங்கள் ஆய்வுக்குத் தேவையா? கொதித்த நீரைப் பற்றிய ஆய்வுக்குத் தேவையே இல்லை. எடுத்துவிடுங்கள். கட்டாயம் வேண்டுமானால் "உங்களைப் பராமரிப்பவர்" என்று கேளுங்கள்.

மற்றத் துறைகளுக்குச் சில வரிகள்

நெல் ஆய்வில் "ஒன்று" என்பது பாத்தி. குறைந்தது மூன்று, நான்கு தொகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் பாத்திகளைச் சீட்டுப் போட்டு ஒதுக்குங்கள். வாய்க்கால் பக்கப் பாத்தி எப்போதும் செழிக்கும், அந்தச் சாய்வைத் தொகுதி பிடித்துக்கொள்ளும். ஓர வரிசைகளை விளைச்சலில் சேர்க்காதீர்கள். விளைச்சலை 14 வீத ஈரப்பதனுக்குத் திருத்துங்கள்: நிறையை, நூறிலிருந்து ஈரப்பத வீதம் கழித்து வருவதால் பெருக்கி, 86 ஆல் வகுக்க வேண்டும்.

உமிச் சாம்பல் கொங்கிறீற்று செய்பவர்கள் முதலில் அச்சுகளை எண்ணுங்கள். நான்கு கலவை, 7 ஆம் நாளிலும் 28 ஆம் நாளிலும் சோதனை, ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டி என்றால் 150 மில்லிமீற்றர் கட்டி 24. ஏறக்குறைய 195 கிலோ கொங்கிறீற்று, சேதாரம் தனி. மில் ஓரத்துக் குவியலில் கண்டபடி எரிந்த சாம்பல் வேண்டாம்; சூடு மிஞ்சினால் சிலிக்கா பளிங்குருவாகி வேலை செய்யாது.

இலை நோயைப் படத்தால் இனங்காணும் கணினி ஆய்வில், ஒரே இலையின் ஐந்து படத்தில் மூன்று பயிற்சிக்கும் இரண்டு சோதனைக்கும் போனால் 98 வீதத் துல்லியம் வரும், அடுத்த வயலில் கைவிடும். வயல் வயலாகப் பிரியுங்கள்.

வெளிக்களத்தில்

மண் மாதிரிக்குக் குழி தோண்டும் முன், அந்த நிலம் மிதிவெடி அகற்றப்பட்டு விடுவிக்கப்பட்டதா என்று கிராம சேவகரிடம் கேளுங்கள். சிவப்பு மண்டையோட்டுப் பலகை இல்லை என்பது மட்டும் போதாது. பாவனையில் இல்லாத பாதையில் குறுக்கே இறங்காதீர்கள். காட்டோரக் கிராமங்களில் பின்னேரம் ஐந்துக்கு முன் வேலையை முடித்துத் திரும்புங்கள், யானை இறங்கும் நேரம் அது. காட்டுக்குள் மாதிரி எடுக்க வனத் திணைக்களத்தின் எழுத்து மூல அனுமதி வேண்டும். தனியே போகாதீர்கள்.

குறிப்புப் புத்தகம் கட்டியதாக இருக்கட்டும், தாள் கழரக்கூடாது. பிழையை அழிக்காமல் ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். அன்றிரவே ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். ஒத்துவராத வாசிப்பை நீக்கவேண்டி வந்தால் நீக்கியதையும் காரணத்தையும் அறிக்கையில் சொல்லுங்கள்.

ஆய்வு முடிந்ததும் ஒவ்வொரு கிணற்றுக்காரருக்கும் ஒரு துண்டுக் கடதாசி கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். தமிழில், பெரிய எழுத்தில்: கிணற்றின் இலக்கம், நீர் எடுத்த திகதி, வன்மை, புளோரைட்டு, பக்கத்தில் இலங்கை நியமத்தின் எல்லை. புளோரைட்டு எல்லை தாண்டியிருந்தால் வீட்டில் எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை இருக்கிறதா என்று கேளுங்கள், நிரந்தரப் பற்கள் உருவாகும் வயது அது, மிஞ்சிய புளோரைட்டு அவற்றைப் பாதிக்கும். குளிக்க, உடுப்புத் தோய்க்க, தோட்டத்துக்கு இறைக்க இந்த நீர் பரவாயில்லை, குடிக்கவும் சமைக்கவும் வேறு நீர் பார்க்கலாம் என்று விளக்குங்கள். பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அலுவலகம் எங்கே என்று அந்தத் துண்டின் கீழே எழுதிவிடுங்கள். முப்பது வீட்டுக்கும் போக இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளையும் முன்மொழிவின் நேர அட்டவணையில் இப்போதே போட்டுவிடுங்கள்.